குறவஞ்சி அரங்கேறிய இரவு

நுழையும்முன்

நாடகம் என்றால் ஒரே கதையை ஒரே போக்கில் சொல்லி முடிப்பது என்பது இன்றைய எண்ணம். 18ஆம் நூற்றாண்டுத் தமிழ் மேடை அவ்வாறு எண்ணவில்லை. உலாவும் பந்தாட்டமும், காதலும் கேலியும், குறியும் வேட்டையும் அங்கு ஒரே இரவில் அடுத்தடுத்து வந்தன. அம்மேடை தந்த படைப்புகளுள் புகழ்பெற்ற திருக்குற்றாலக் குறவஞ்சியைப் படிக்கும் நூலாக மட்டுமன்றி, ஆடிய கூத்தாகவும் காண முயல்கிறது இப்பாடம்.

திருவிழா மேடை

திருப்பூர் ராயபுரத்தில் திருவிழா நாள்களில் பொழுது நன்கு சாய்ந்த பிறகே மேடையின் முன் கூட்டம் சேரும். பனியன் நிறுவனங்களில் வேலை செய்யும் தையற்காரரும் துணி வெட்டுவோரும் பிசிறு நீக்கும் பெண்களும் வீடு திரும்பி, குளித்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து அமர அவ்வளவு நேரம் ஆகும். முதலில் கடவுள் வாழ்த்து, அடுத்துக் கரகாட்டம், பின்னர் ஒருவர் பறவைகளின் குரலையும் நடிகர்களின் குரலையும் மாற்றி மாற்றிப் பேசுவார், ஒரு நகைச்சுவைத் துணுக்கு, சில திரைப்பாடல்கள், மீண்டும் ஆட்டம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் தொடர்பு இராது. ஆயினும் கூட்டம் கலைவதில்லை. சிறுவருக்கு ஒன்று, முதியவருக்கு ஒன்று என எல்லார்க்கும் ஏதேனும் ஒன்றை மேடை வைத்திருக்கிறது.

அக்கூட்டத்தில் கொங்கு நாட்டார் மட்டும் இருப்பதில்லை. மதுரை, தேனி, திருநெல்வேலி, தென்காசி என வேலை தேடி வந்து குடியேறிய பல மாவட்டத்தாரும் உண்டு. அவர்களுள் தென்காசியிலிருந்து வந்தோரின் சொந்த ஊருக்கு மிக அருகில், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன், இத்தகைய பல்சுவை இரவொன்று நாடகமாகவே எழுதப்பட்டது. ஆனால் அங்குப் பலவகை ஆட்டங்களும் தனித்தனியே நிற்கவில்லை. ஒரு கதையில் பூக்களாகத் தொடுக்கப்பட்டிருந்தன. தொடுத்த நாரைக் கையில் வைத்திருந்தவள் ஒரு குறத்தி.

கவிராயரும் குற்றாலமும்

தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். திருக்குற்றாலநாதர் கோவில் வித்துவான் என்னும் சிறப்புப் பெயர் பெற்றவர். குற்றாலத்தின்மீது தலபுராணம், மாலை, சிலேடை, யமக அந்தாதி எனப் பல நூல்களை அவர் இயற்றினார். அவை யாவும் கற்றோர் கையில் தங்கின. குறவஞ்சி மட்டும் தெருவிற்கு வந்தது. மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கரின் (ஆட்சி: 1706 – 1732) விருப்பத்திற்கு இணங்க அது பாடி அரங்கேற்றப்பட்டது. பரிசாகக் கவிராயர் பெற்ற நிலம் 'குறவஞ்சி மேடு' என்று பெயர் பெற்றது. ஒரு நாடகத்தின் பெயர் ஒரு வயலுக்குப் பெயராவது எளிதில் நிகழ்வதன்று.

குறத்தி குறி சொல்லும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. மணிகளை எண்ணிக் குறி பார்ப்பதும் கழங்கிட்டுப் பார்ப்பதும் அகப்பாடல்களில் இடம்பெறுகின்றன. குறி சொல்லும் அகவன்மகளை நோக்கி ஒளவையார் பாடிய பாட்டு குறுந்தொகையில் உள்ளது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை குறம் பாடினார். அதில் குறத்தி மட்டுமே பேசுகிறாள். குறவஞ்சி நாடகம் அவளைச் சுற்றித் தலைவி, தோழி, குறவன், அவனுடைய கூட்டாளி, கட்டியக்காரன் ஆகியோரைச் சேர்த்தது. தனிக்குரல் கூத்தாயிற்று.

தெரியுமா?
நடராசப் பெருமான் ஆடியதாகக் கூறப்படும் ஐந்து அவைகளுள் ஒன்று குற்றாலத்தின் சித்திர சபை. திருவாலங்காடு, சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் ஏனைய நான்கும் உள்ளன. சித்திர சபையின் சுவர்களை ஓவியங்கள் அணிசெய்கின்றன.

பிரம்பும் வளையலும்

கூத்தைத் தொடங்கி வைப்பவன் கட்டியக்காரன். மார்பில் நூலும் கையில் நெடிய பிரம்புமாக அவன் வருகிறான். அவனுக்குக் கதையில் பங்கு ஏதும் இல்லை. கூட்டத்தை அமைதிப்படுத்தி, யார் வருகிறார் என்று அறிவிப்பதே அவன் பணி. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், தீவட்டி வெளிச்சத்தில், தெருவெங்கும் பரவி நிற்கும் மக்களை ஒரு மேடையின் பக்கம் திருப்புவதற்கு உரத்த குரலும் பிரம்பும் வேண்டியிருந்தன. தெருக்கூத்திலும் இவனைக் காணலாம்.

அவன் அறிவிப்பது திரிகூடநாதரின் வீதியுலாவை. உலாக் காண மகளிர் ஓடிவருகின்றனர். ஒரு கைக்கு வளையல் அணிந்தவள் மறு கைக்கு அணிய மறந்து ஓடுகிறாள். உடுத்த வேண்டிய துணிகளை இடம் மாற்றி அணிந்துகொள்கிறாள் மற்றொருத்தி. வருகின்றவர் திருமாலா, நான்முகனா, சிவனா என்று தம்முள் வாதிட்டு, அடையாளங்களைச் சொல்லி முடிவு காண்கின்றனர் சிலர். பத்தியும் நகைப்பும் இங்குப் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. உலா என்பது தனி இலக்கியமாகவே தமிழில் வளர்ந்த வகை. அதைக் கவிராயர் கூத்தின் முதற்காட்சியாகச் சுருக்கிக்கொண்டார்.

அடுத்து வசந்தவல்லி பந்தாடிக்கொண்டு வருகிறாள். இப்பகுதியை மனத்துக்குள் படித்தால் சொற்களே கிடைக்கும். வாய்விட்டுப் படித்தால் பந்து கிடைக்கும். வளை ஒலிக்க, சிலம்பு ஒலிக்க, இடை துவள என ஒவ்வொரு சொற்கட்டும் தரையில் பட்டு எழும் பந்தின் வேகத்தில் அமைந்துள்ளது. ஆடுபவள் மூச்சு வாங்குவதற்கென்றே பாட்டில் நிறுத்தங்கள் இருக்கின்றன. எழுதியவர் அரங்கை அறிந்தவர் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பந்தாடும்போதே அவள் உலா வரும் இறைவனைக் காண்கிறாள், காதல் கொள்கிறாள். ஆட்டம் நின்று துயரம் தொடங்குகிறது. நிலவைப் பழிக்கிறாள், மன்மதனைப் பழிக்கிறாள், தோழியிடம் வாதாடுகிறாள், குற்றாலநாதரின் கொன்றை மாலையை வாங்கிவரத் தூது அனுப்புகிறாள், மணலில் கூடல் இழைத்து, கூடுமா கூடாதா என்று பார்க்கிறாள். இப்பகுதியின் வேகம் குறைவு. துள்ளிய தாளம் அடங்கி, நின்று அபிநயிக்கும் ஆடலுக்கு மேடை இடம் தருகிறது.

இந்நாடகத்தைப் படிப்போர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ஒரு பாத்திரத்தின் வருகை முதலில் விருத்தத்தில் சொல்லப்படுகிறது. உடனே அதே செய்தி இசைப்பாட்டிலும் வருகிறது. கூறியது கூறல் குற்றமன்றோ? ஏட்டில் குற்றந்தான். அரங்கில் அது தேவை. விருத்தம் தாளக்கட்டு இன்றி நீட்டிப் பாடப்படுவது. அந்த நேரத்தில் செய்தி கேட்போர் செவியில் இறங்குகிறது. அடுத்து வரும் பாட்டிற்கு ஆடுபவர் அடவு பிடிக்கிறார். பொருளை முன்பே அறிந்துகொண்ட கூட்டம், இப்போது காலையும் கையையும் கண்ணையும் மட்டும் பார்த்தால் போதும்.

குறத்தியின் வருகை

நாடகம் பாதி நடந்திருக்கும் நிலையில் குறத்தி வருகிறாள். கண் அயரத் தொடங்கிய சிறுவர்களும் எழுந்து உட்காரும் இடம் இதுவே எனலாம். கூடை இடுப்பில், கோல் கையில், நெற்றியில் திருநீறு. சிங்கி என்பது அவள் பெயர். அவள் அழைக்கப்பட்டு வந்தவள் அல்லள். தெருவில் தானாக வருகிறாள். அவளைக் கண்டதும் துயரத்தில் இருந்த தலைவியும் பேச ஆவல் கொள்கிறாள். உன் மலை எது, அதன் வளம் என்ன என்று கேட்கிறாள்.

அதற்குக் குறத்தி சொல்லும் விடையே இந்நூலில் மக்கள் நாவில் நிலைத்த பகுதி. ஆண் குரங்குகள் பெண் குரங்குகளுக்குப் பழம் கொடுத்துக் கொஞ்சுகின்றன. அவை சிந்தும் பழத்துக்கு வானோர் கெஞ்சி நிற்கின்றனர். அருவியின் திரை எழும்பி வானத்திலிருந்து ஒழுக, கதிரவனின் குதிரைக் கால்களும் தேர்ச் சக்கரமும் வழுக்குகின்றன. தேவர் கெஞ்சுவதும் கதிரவன் வழுக்குவதும் புராணத்தில் நடவா. ஒரு மலைப்பெண் தன் ஊரைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்ளும்போது நடக்கின்றன. மிகையும் கேலியும் ஒருங்கே அமைந்த பேச்சு அது.

மலைவளத்தோடு அவள் நிற்பதில்லை. கொல்லிமலை தன் தங்கையின் மலை என்கிறாள். பழனிமலை தன் கணவனுக்குக் காணியாகிய மலை என்கிறாள். ஒரு குலத்தில் பெண் கொடுப்பதும் கொள்வதும் தங்கள் வழக்கம் அன்று. ஆனால் உறவு என்று பிடித்துவிட்டால் விடுவதில்லை என்கிறாள். இலஞ்சி முருகனுக்குத் தாங்கள் ஒரு பெண்ணைக் கொடுத்ததையும் தங்களுக்குரிய மலைகளையெல்லாம் சீதனமாகத் தந்ததையும் நினைவூட்டுகிறாள். வள்ளியைச் சொல்கிறாள் அவள். இந்தக் கணக்கில் முருகன் குறவர் வீட்டு மருமகன். மலைகள் அனைத்தும் அவர்கள் கொடுத்த சீர். அரண்மனையின் ஆதரவில், கோவில் வித்துவான் எழுதிய நாடகத்தில், நிலமும் வீடும் இல்லாத ஒருத்தி நிமிர்ந்து நின்று இவ்வாறு பேசுகிறாள். மேல்குடித் தலைவி இடைமறிக்காமல் கேட்கிறாள்.

பிறகு குறி. இடத்தை மெழுகச் சொல்கிறாள், கோலமிடச் சொல்கிறாள், பிள்ளையாரை வைக்கச் சொல்கிறாள். தனக்கு உணவும் வெற்றிலையும் கேட்டுப் பெறுகிறாள். தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைக்கிறாள். கையைப் பார்த்து, இது உடல்நோய் அன்று, காதல்நோய் என்று போட்டு உடைக்கிறாள். தலைவிக்கு நாணமும் சினமும் வருகின்றன. அப்படியானால் அவன் பேரையும் ஊரையும் சொல் என்று மடக்குகிறாள். உனக்கு அவன் பழகியவன், எனக்கும் அப்படியா என்னும் பொருள்பட எதிர்க்கேலி செய்துவிட்டு, குறிப்புகளாலேயே குற்றாலநாதரை உணர்த்துகிறாள் குறத்தி. தோற்றவள் மகிழ்ந்து, வென்றவளுக்கு அணிகலன்களை அள்ளிக் கொடுக்கிறாள்.

கதைப்படி நாடகம் இங்கே முடிந்துவிட்டது. தலைவியின் பேச்சு இனி இல்லை. ஆனால் இரவு முடியவில்லை. கூட்டமும் போகத் தயாராக இல்லை.

சிங்கனும் நூவனும்

சிங்கியைத் தேடிச் சிங்கன் வருகிறான். அவனுடைய கூட்டாளி நூவனும் வருகிறான். இருவரும் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கத் தொடங்குகின்றனர். எங்கெங்கே பறவைகள் வந்து இறங்குகின்றன, எந்தெந்த வயலில் மேய்கின்றன என்று பாட்டு நீள்கிறது. அவ்வட்டாரத்து வயல்களின் பெயர்களும் குளங்களின் பெயர்களும் அப்பாட்டில் வருகின்றன. இன்றைய மாணவருக்கு அவை வெறும் பெயர்கள். அன்று மண்ணில் அமர்ந்து கேட்டவருக்கோ, அவற்றுள் ஒன்று காலையில் தாம் நாற்று நட்டுவிட்டு வந்த வயலாக இருந்திருக்கலாம். மேடையில் தம் ஊர்ப் பெயர் ஒலிக்கும்போது கூட்டத்தில் எழும் ஆரவாரத்தை எந்தத் திருவிழாவிலும் கேட்கலாம்.

சிங்கனுக்கோ வேலையில் மனம் இல்லை. சிங்கியை நினைத்து அவன் மயங்கி நிற்க, பறவைகள் பறந்து போகின்றன. வசந்தவல்லி நிலவைப் பார்த்துப் புலம்பியதன் மறுபக்கம் இது. அதே பிரிவுத்துயர், அங்கு அழுகை, இங்குச் சிரிப்பு. உயர்ந்தோர் காதலைப் பாடிய கையோடு எளியோர் காதலையும் பாடிய கவிராயர், இரண்டையும் ஒரே துலாத்தட்டில் வைக்கிறார்.

சிங்கி கிடைக்கிறாள், உடல் முழுதும் நகையோடு. இதுவரை சொல்லாமல் எங்கே போனாய் என்று தொடங்குகிறது அவன் வினா. காலில் சுற்றிக் கிடக்கும் பாம்பு எது என்கிறான். அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள். செத்த தவளையைக் காலில் ஏன் கட்டினாய் என்கிறான். அது கோவில் மகளிர் தந்த கெச்சம் என்கிறாள். பாண்டியன் மகளுக்குக் குறி சொன்னதற்குப் பாடகம் கிடைத்ததாம். நகைகளின் பெயர் தெரியாத கணவனின் ஐயமும், ஊர் ஊராகப் போய்ப் பொருளீட்டி வந்த மனைவியின் நிதானமும் வினாவும் விடையுமாக மாறிமாறி வருகின்றன. வீட்டிற்குச் சம்பாதித்து வந்தவள் அவள். கண்ணியில் பறவையை விட்டவன் அவன். இந்தச் சிறு உண்மையைக் கவிராயர் எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. சொல்லாததே நலம்.

மேடையில் நொண்டியும் பள்ளியரும்

அக்காலத்து மேடைக்குக் குறவஞ்சி ஒன்றே உணவாக இருக்கவில்லை. முக்கூடற்பள்ளில் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்ட இரு பள்ளியர், ஒருத்தி திருமாலையும் மற்றொருத்தி சிவனையும் வசைபாடிச் சண்டையிடுகின்றனர். சமய வாதமே சக்களத்திச் சண்டையாகிவிடுகிறது. சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711 – 1779) இராமாயணத்தையே கீர்த்தனைகளாக்கி இராம நாடகம் தந்தார். அது திருவரங்கத்தில் அரங்கேறியது. மணலி முத்துக்கிருட்டிண முதலியார் அவரை ஆதரித்தார்.

நொண்டி நாடகம் இன்னும் விந்தையானது. ஒரே நடிகர், ஒற்றைக் காலில் தாவித் தாவி, தன் கதையைத் தானே சொல்கிறார். கணிகைமீது கொண்ட ஆசையால் பொருளிழந்து, திருடனாகி, குதிரை திருடப் போய்ப் பிடிபட்டு, கால் வெட்டப்பட்டவன் அவன். இறையருளால் இறுதியில் கால் வளர்கிறது. திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் முருகன் அருள்கிறான். சீதக்காதி நொண்டி நாடகத்தில், கீழக்கரை வள்ளலின் உதவியால் மக்காவுக்குச் செல்பவன் உடல் நலம் பெறுகிறான். சமயம் மாறியது, நொண்டியின் தாவல் மாறவில்லை. அந்தத் தாவலுக்கேற்ப அமைந்த நொண்டிச்சிந்து என்னும் யாப்பு, நாடகம் மறைந்த பின்னும் வாழ்ந்தது. நாட்டின் நிலைகண்டு பாரதியார் கொதித்தெழுந்து பாடியபோதும் அந்த யாப்பே அவருக்குக் கைகொடுத்தது.

இலண்டனில் அதே நூற்றாண்டு

இத்தகைய கலவை தமிழுக்கு மட்டும் உரியதன்று. 18ஆம் நூற்றாண்டு இலண்டனின் டிரூரி லேன், கோவென்ட் கார்டன் அரங்குகளில் ஒரு மாலைக்கு ஒரு நாடகம் போதவில்லை. ஐந்து அங்க நாடகம் ஒன்று. அங்கங்களுக்கு இடையே பாட்டும் நடனமும். இறுதியில் ஒரு கேலி நாடகம் அல்லது ஊமைக்கூத்து. சேக்சுபியரின் துன்பியல் நாடகத்தைப் பார்த்து அழுதவர்கள், அன்றிரவே கோமாளியைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீடு திரும்பினர். 1728இல் சான் கே எழுதிய 'இரவலர் இசைநாடகம்' திருடரையும் சிறைக் காவலரையும் நாயகராக்கி, தெருவில் பாடப்பட்ட மெட்டுகளில் பாட்டமைத்து, அப்பருவத்தில் 62 முறை ஆடப்பட்டது. திருடன் பாடும் கூத்தை இராமநாதபுரம் கடற்கரையிலும் தேம்சு ஆற்றங்கரையிலும் அந்நூற்றாண்டு மக்கள் விரும்பிக் கேட்டனர்.

வேறுபாடு பணத்தில் இருந்தது. இலண்டனில் பார்ப்பவரே பணம் கொடுத்தனர். மூன்றாம் அங்கம் முடிந்து வருவோர்க்குப் பாதிக் கட்டணம் என்பது வழக்கம். 1763இல் அவ்வழக்கத்தை நிறுத்த முயன்றபோது மக்கள் கலகம் செய்து இரு அரங்குகளையும் சேதப்படுத்தினர், அரங்கத்தார் பணிந்தனர். பாதியில் வருபவருக்கும் பணத்துக்குத் தக்க பொருள் வேண்டும். எனவே அங்கு நிகழ்ச்சிகள் துண்டுதுண்டாக, தனித்தனியே சுவைக்கத்தக்கனவாக இருந்தன. குற்றாலத்தில் சீட்டு இல்லை. புலவருக்கு நிலம், கலைஞருக்குக் கோவில் மானியம். கூட்டம் எதுவும் கொடுக்காமல் வந்தது. இரவு முழுதும் இருந்தது. முழு இரவும் இருப்பவர்க்கு முழுக் கதையும் சொல்லலாம். அதற்குள் எல்லாவற்றையும் வைக்கலாம். குறவஞ்சியின் கட்டுக்கோப்புக்குக் கவிராயரின் திறம் மட்டுமன்றி, இந்த ஏற்பாடும் காரணம்.

ஏட்டில் எஞ்சியவை

தஞ்சை மராட்டியர் காலத்தில் குறவஞ்சி மேலும் செழித்தது. சகசி மன்னர் காலத்தில் தியாகேசர் குறவஞ்சி தோன்றியது. இரண்டாம் சரபோசியைத் தலைவராகக் கொண்டு கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார். வேதநாயக சாத்திரியார் 1800ஆம் ஆண்டளவில் பெத்லகேம் குறவஞ்சி இயற்றினார். அங்குக் குறத்தி சொல்லும் குறி கிறித்துவின் புகழாகிறது. கொங்கு நாட்டிலும், திருப்பூருக்கு அருகிலுள்ள அலகுமலை முருகன்மீது அலகுமலைக் குறவஞ்சி உண்டு.

சரபேந்திர பூபாலக் குறவஞ்சி தஞ்சைப் பெரிய கோவில் திருவிழாவில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஆடப்பட்டுவந்தது. ஆடியவர்கள் கோவிலைச் சார்ந்த ஆடல் மகளிர், ஆட்டுவித்தவர்கள் நட்டுவனார். மானியங்கள் குறைந்தன, அரசவைகள் மறைந்தன. சிறுமியரைக் கோவிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. பல பெண்களின் வாழ்வை மீட்ட அச்சட்டம் வந்தபோது, அவர்கள் உடலில் மட்டுமே இருந்த ஆடற்கலை எங்கே போகும் என்ற வினாவும் உடன் வந்தது. விடையின் ஒரு பகுதியைக் கலாசேத்திரா தந்தது. 1944இல் உருக்மிணி தேவி குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். அம்முயற்சியில் காரைக்கால் சாரதாம்பாள் என்னும் மரபுவழி ஆடற்கலைஞரின் அறிவு துணைநின்றது. ஏட்டிலுள்ள பாட்டுகளின் தலைப்பில் இராகப் பெயரும் தாளப் பெயரும் உள்ளன. ஆனால் இராகத்தின் பெயர் மெட்டு ஆகாது; மெட்டை ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவியே பெற்றாக வேண்டும்.

குறத்தி என்னும் சொல்

மேடைக் குறத்தி முருகனை மருமகனாக்கிப் பேசிய நாட்டில், மெய்யான குறவர்க்கு நேர்ந்தது வேறு. ஆங்கில அரசு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911இல் அது விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் பிரிவினர் பலர் அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். பிறந்த குழந்தையும் பிறப்பாலேயே ஐயத்திற்குரியதாயிற்று. ஊர்விட்டு ஊர் போவதே குற்றமாகக் கருதப்பட்டது. சிங்கி பெருமையோடு பட்டியலிட்ட வாழ்க்கை அதுதான்: சேலத்து நாடு, பாண்டி நாடு, ஊர் ஊராகக் குறி, ஊருக்கொரு பரிசு. 1952இல் அச்சட்டம் நாடு முழுவதும் நீக்கப்பட்டது.

மேடையிலும் வீழ்ச்சி நேர்ந்தது. திருவிழாக்களில் 'குறவன் குறத்தி ஆட்டம்' என்ற பெயரில் ஆடப்பட்டது குறவஞ்சியின் வழிவந்ததாகத் தோன்றினாலும், நாளடைவில் அதில் ஆபாசப் பேச்சும் ஆடையும் மிகுந்தன. தம் குலப்பெயரை இவ்வாறு இழிவுபடுத்தலாகாது என்று அம்மக்கள் நெடுங்காலம் முறையிட்டனர். 2023ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அவ்வாட்டத்தை நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. கலைஞர் சிலர்க்கு அதனால் வருவாய் குறைந்தது என்பதும் உண்மை. ஆயினும், அவர்கள் ஆடிய குறத்திக்கும் கவிராயரின் சிங்கிக்கும் இருந்த தொலைவை நூலைப் படித்தவர் எளிதில் அளந்துவிடுவர். சிங்கியைப் பார்த்து அன்று கூட்டம் சிரித்தது அவள் சொல்லின் கூர்மைக்காக.

கொங்கு நாட்டில் வள்ளியின் கதை வேறு வடிவில் ஆடப்படுகிறது. வள்ளி கும்மியில் ஆசிரியர் நடுவில் நின்று பாட, சுற்றிலும் வட்டமிட்டவர்கள் அடி வைத்துக் கைகொட்டி ஆடுகின்றனர். முன்னாளில் ஆடவரே ஆடிவந்த இக்கும்மியில் இன்று பெண்களும் சிறுமியரும் பெருந்திரளாகப் பங்கேற்கின்றனர். அவர்களுக்கு இக்கலையைக் கற்பித்துவந்த கோவை மாவட்டத்துக் கலைஞர் பத்திரப்பன் 2024இல் பத்மசிரீ விருது பெற்றார். கும்மியின் கதையில் முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வருகிறான். தினைப்புனத்தில் நிற்கும் குறவர் மகளிடம் தேனும் தினைமாவும் கேட்டு நிற்கிறான். கொடுப்பவள் அவள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்த் திருவிழா மேடையில் ஓரிரவு நடைபெறும் நிகழ்ச்சிகளை வரிசையாகக் குறித்துவந்து, அவற்றைக் குறவஞ்சியின் காட்சி வரிசையோடு ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.

2. சிங்கன் – சிங்கி உரையாடலை, உங்கள் வட்டாரப் பேச்சு வழக்கில் இருவர் பேசும் சிறு நாடகமாக எழுதி நடித்துக் காட்டுக.

3. வசந்தவல்லியின் பந்தாட்டப் பாடலை நூலகத்தில் தேடியெடுத்து, இருவர் தாளமிட ஒருவர் வாய்விட்டுப் படித்து, மூச்சு நிற்கும் இடங்களைக் குறித்து வருக.